சங்கத்தில் காசு இருந்தும் கைக்காசு போட்ட கதை

எங்கள் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தின் பேரில் ஒரு வங்கியில் 3,40,000 ரூபாய் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எங்களால் எடுக்க முடியவில்லை. வடசென்னையில் எங்கள் கொடுங்கையூர்க்காரர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கரண்ட் இல்லை, சம்புக்குள் சாக்கடை இறங்கிவிட்டது, கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடியில். டீசல் மோட்டார் ஒன்றை வாடகைக்கு எடுக்க வீட்டுக்கு 500 ரூபாய் என்று வசூலுக்குக் கிளம்பினோம். போன வீட்டிலெல்லாம் ஒரே கேள்விதான். "சங்கத்துலதான் காசு கீதே, அத எடுக்க வேண்டியதுதானே?" அந்தப் பணமே 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சொந்தமாக ஒரு மோட்டார் வாங்குவதற்காக 70 வீடுகள் ஆளுக்கு 3,000 போட்டுச் சேர்த்தது. வாங்கப்போகும் மோட்டாரை யார் வீட்டில் வைப்பது என்ற சண்டை தீராமல், அப்படியே பிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டார்கள். மீதி, வருடக்கணக்கில் சேர்ந்த சந்தா.

அந்தப் பணத்தை வெளியே எடுக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பெரும்பாலும் தனியாக அலைந்தேன். இதை யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று பல தடவை தோன்றியதால்தான் எழுதுகிறேன். உங்கள் தெருச் சங்கத்திலும் ஒரே ஆள் இருபது வருடமாகச் செயலாளராக இருக்கிறார், அவர் நல்லவர், எல்லாம் அவருக்குத் தெரியும் என்றால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சங்கம் 1998ல் பதிவானது. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்தவர் ஒருவர்தான் முதல் செயலாளர், கடைசிவரை அவரேதான். தெருவிளக்குக்கும் பாதாளச் சாக்கடைக்கும் மனு எழுதி எழுதியே எங்கள் தெருவைத் தெருவாக்கியவர் அவர். எந்த மேன்ஹோல் எந்த மாதத்தில் அடைக்கும், குடிநீர்க் குழாய் எந்த வீட்டு வாசலில் திரும்புகிறது, எந்த அதிகாரியிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். காகிதங்கள் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில். 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். தலைவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பொருளாளர் மகனோடு மீஞ்சூருக்குக் குடிபோய்விட்டார். ஆனாலும் சங்கம் நடக்கிறது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வாட்ஸ்அப் குரூப்தான் நடந்துகொண்டிருந்ததே! புயலுக்கு அப்புறம் நடந்த அவசரக் கூட்டத்தில், பாரிமுனையில் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக, "நீ பாத்துக்கோம்மா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கு டேலி தெரியும். சங்கச் சட்டம் எதுவும் தெரியாது.

வங்கியில் கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். கணக்கை இயக்கும் அதிகாரம் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் யாராவது இருவருக்கு. அதில் இருவர் உயிரோடு இல்லை. புதிய நிர்வாகிகள் என்றால் பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நிர்வாகிகள் பட்டியல் வேண்டும், பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும், சங்கத்தின் பேரில் பான் கார்டு வேண்டும் என்றான். அப்புறம், "சங்கம் இப்ப ஆக்டிவா இருக்கா மேடம்?" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே இருக்கிறது என்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் அடுத்த பல மாதங்கள் போயின.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற தெருச் சங்கங்கள் பதிவாவது 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். இருபது உறுப்பினர்களுக்குக் குறையாமல் இருந்தாலோ, வருட வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்களே திரும்ப வரலாம், ஆனால் தேர்ந்தெடுத்ததாகத் தீர்மானம் இருக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் முடிவதற்குள், பொதுக்குழு கூடிக் கணக்கை ஏற்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு, தணிக்கை அறிக்கை, உறுப்பினர் பட்டியல் இவற்றையெல்லாம் வருடா வருடம் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதைப் படிவம் 7ல் தெரிவிக்க வேண்டும். அபார்ட்மென்ட்காரர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுக்குமாடிகளுக்கென்று 2022ல் இயற்றி 2024ல் நடைமுறைக்கு வந்த உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. தனித்தனி வீடுகள் உள்ள தெருவுக்கு இந்தப் பழைய 1975 சட்டம்தான். எங்கள் சங்கம் கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்தது 2013ல்.

முதல் வேலை காகிதம் தேடுவது. செயலாளர் வீட்டு அத்தை பெட்டியைத் திறந்து அப்படியே என் முன்னால் வைத்துவிட்டார். "அவரு போனதுலேர்ந்து நான் இதத் தொடலம்மா" என்றார். தெருவிளக்கு மனு நகல்கள், 2005 மழைக்கு நிவாரணம் கேட்ட கடிதம், ரசீதுப் புத்தகங்கள், மினிட்ஸ் நோட்டு, ஒரு பாஸ்புக். பாஸ்புக்கில் கடைசி வரி 2019. பதிவுச் சான்றிதழும் பைலாவும், அதாவது சங்கத்தின் சொந்த விதிகளும், மட்டும் இல்லை. வெள்ளத்தில் நனைந்து போயிருக்கலாம் என்றார். நல்லவேளை, பழைய லெட்டர்பேடில் பதிவு எண்ணும் வருடமும் அச்சடித்திருந்தன. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் எங்கே தொடங்கியிருப்பேன் என்றே தெரியவில்லை. எண்ணும் வருடமும் இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். பைலா, சான்றிதழ், கடைசியாகத் தாக்கல் செய்த நிர்வாகிகள் பட்டியல் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காத்திருக்க வேண்டும். கைக்கு வந்ததும் ஸ்கேன் செய்து நாலு பேரின் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். வடசென்னையில் டிரங்குப் பெட்டியை நம்பக் கூடாது, இங்கே தண்ணீர் வராத வருடம் குறைவு.

பைலாவைப் படித்தபோதுதான் தலை சுற்றியது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் சந்தா கட்டாதவர் உறுப்பினர் தகுதியை இழப்பார் என்று ஒரு விதி. 2019க்கு அப்புறம் தெருவில் யாருமே சந்தா கட்டவில்லை. அப்படிப் பார்த்தால் சங்கத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லை. உறுப்பினரே இல்லாத சங்கத்தில் பொதுக்குழுவை யார் கூட்டுவது, யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த வேலை, எல்லாரும் மாதிரி 500 ரூபாய் குடுத்துட்டுச் சும்மா இரு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

வழி காட்டியது ஓட்டேரியில் ஒரு சின்ன ஆடிட்டர். இந்த மாதிரி செத்துப் பிழைத்த சங்கங்கள் நிறையப் பார்த்தவர். அதே பைலாவில், பாக்கியைக் கட்டினால் நிர்வாகக் குழு மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு விதி இருப்பதைக் காட்டினார். நிர்வாகக் குழு என்றால், கடைசியாகப் பதிவான பட்டியலில் உயிரோடு இருப்பவர்கள். ஒன்பது பேரில் ஐந்து பேர் இருந்தார்கள். புதிதாக ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிட்டால் சுலபமாயிற்றே என்று நானும் கேட்டேன். செய்யலாம், ஆனால் பழைய சங்கத்தின் பணம் புதிய சங்கத்துக்குத் தானாக வராது என்றார். பணம் எதுவும் முடங்கிக் கிடக்காத சங்கமாக இருந்தால் புதிதாகத் தொடங்குவதே நல்லது என்பதுதான் இன்றைக்கும் என் கருத்து. எங்களுக்கு அந்த வழி இல்லை.

பொருளாளர் மாமாவைத் தேடி கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி மீஞ்சூர் போனேன். எழுபத்தெட்டு வயது. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "கணக்கு கேப்பாங்களாம்மா? எங்கிட்ட ஒண்ணும் இல்ல, அவரு கையெழுத்துப் போடச் சொன்ன எடத்துல போட்டேன்" என்றார். அவரைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை என்று புரியவைக்கவே ஒரு முழு மதியம் போனது. மகனுக்கு விருப்பமில்லை, அப்பாவை வம்பில் மாட்டிவிடாதீர்கள் என்றார். கடைசியில் ஆடிட்டரிடம் போனில் பேசவைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கும் பழைய நிர்வாகி ஒருவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. அவர்களை அதட்டாதீர்கள். குற்றம் கண்டுபிடிக்க வந்த ஆள் மாதிரிப் போய் நின்றால் அவர்கள் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள். போகும்போதே கையெழுத்துப் போட வேண்டிய எல்லாக் காகிதங்களையும் டைப் செய்து எடுத்துக்கொண்டு போவதும் நல்லது. வயதானவர்களை ஒவ்வொரு காகிதத்துக்கும் தொந்தரவு செய்தால் மூன்றாவது காகிதத்தில் பயம் திரும்பிவிடும்.

பொதுக்குழுவுக்கு இருபத்தொரு நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், அதில் தேதி, நேரம், இடம், என்ன விஷயம் என்பது எல்லாம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். போதாது. வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். குடிபெயர்ந்தவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட். அடுத்த சிக்கல் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. எங்கள் பைலாப்படி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும். பழைய பதிவேட்டில் 140 பேர் இருந்தார்கள். அதில் இறந்தவர்கள் மட்டுமே முப்பதுக்கு மேல், வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் இன்னொரு முப்பது. இவர்களையும் சேர்த்து எண்ணினால் 47 பேர் வர வேண்டும். அதனால் கூட்டத்துக்கு முன்பே ஐந்து நிர்வாகிகளும் கூடி, இறந்தவர்களையும் போனவர்களையும் பதிவேட்டிலிருந்து நீக்கி, பாக்கி கட்டியவர்களைச் சேர்த்து ஒரு தீர்மானம் போட்டார்கள். இதைச் செய்யச் சொன்னதும் ஆடிட்டர்தான். உறுப்பினர் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை தூசி தட்டாத சங்கத்தில் செத்தவர்களே கோரத்தைத் தடுத்துவிடுவார்கள்.

அப்படியும் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்ட அன்று போதுமான ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில், வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கோரம் இல்லாத கூட்டத்தை ஒத்திவைத்து அடுத்த வாரம் அதே இடத்தில் அதே நேரத்தில் கூட்டினால் வந்தவரை போதும் என்று எங்கள் பைலாவில் இருந்தது. உங்கள் பைலாவிலும் பெரும்பாலும் இருக்கும், பார்த்து வையுங்கள். ஒத்திவைத்ததை மினிட்ஸ் நோட்டில் எழுதி வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்ததால் அடுத்த கூட்டமும், அதில் என்னையும் சேர்த்துப் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்ததும் செல்லுபடியானது.

அந்த வாரத்தில்தான் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. "பணத்த எடுக்கத்தான் இந்த ஆட்டம்" என்று. சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும், இன்றைக்கும் எதிரில் வந்தால் சிரித்துப் பேசுவார். வேலைக்கு லீவு போட்டு, சம்பளப் பிடித்தத்தில், கைக்காசில் ஆட்டோ பிடித்து அலைகிறவளுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அழுதேன். விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். மறுநாள் அத்தை வந்து, "அவரையும் இப்பிடித்தான் சொன்னாங்க, இருபது வருஷமா சொன்னாங்க" என்றார். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு செலவையும், ஒவ்வொரு அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்பதையும் அன்றன்றைக்கே குரூப்பில் போட ஆரம்பித்தேன். யாரும் பதில் போடவில்லை, குட்மார்னிங் படங்களுக்கு நடுவே அது காணாமல் போனது. ஆனால் பேச்சு அடங்கியது.

அடுத்தது பத்து வருடத்துக்கு மேற்பட்ட கணக்கு. வரவு செலவே இல்லாத வருடத்துக்கும் தனித்தனியாக அறிக்கை வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட் இல்லாமல் தணிக்கை இல்லை, புதிய நிர்வாகி என்று பதிவாகாமல் எனக்கு ஸ்டேட்மென்ட் இல்லை. மீஞ்சூர் மாமா இன்னும் கையெழுத்து அதிகாரம் உள்ளவர் என்பதால் அவர் பேரில் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து வாங்கினோம். பணம் எடுக்கத்தான் இரண்டு கையெழுத்து, கணக்கின் நகல் கேட்க ஒன்று போதாதா என்று ஆடிட்டர் எழுதிக்கொடுத்த கடிதம் வேலை செய்தது. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் பெட்டியில் இருந்தது பெரிய உதவி. செலவு வவுச்சர்களில் பாதி இல்லை. இல்லாததை இல்லை என்றே தணிக்கை அறிக்கையில் எழுதினார், நானும் அதுதான் சரி என்றேன். பத்து வருடம் முந்தைய பெயின்ட் கடை பில்லை இன்றைக்குத் தயார் செய்து தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தார். வேண்டவே வேண்டாம்.

தாக்கல் செய்யும்போது ஒரு தரகர் ஒட்டிக்கொண்டார். 40,000 கொடுத்தால் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். அந்தச் சமயத்தில் எனக்கு இருந்த களைப்புக்கு, பணம் என்னிடம் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். இல்லாததால் கொடுக்கவில்லை. எங்கள் கோப்பு ஆட்சேபணையோடு திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் நிர்வாகக் குழுத் தேர்தல் ஏன் நடக்கவில்லை, ஒரு தீர்மானத்தில் உள்ள கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஏன் ஒத்துப்போகவில்லை, இப்படி. சொல்லப்போனால் கேட்ட கேள்வி எல்லாம் நியாயமானதுதான். மாமாவுக்குக் கை நடுக்கம், கையெழுத்து எப்படி ஒத்துப்போகும்? அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம், காலதாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம், இடைப்பட்ட காலத்து நடவடிக்கைகளைப் பொதுக்குழு ஏற்றுக்கொண்டதாக ஒரு தீர்மானம், அப்புறம் தாமதக் கட்டணம். ஆட்சேபணையை வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். எழுத்தில் வாங்கினால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் பதில் கொடுக்க முடியும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஒரு நகலில் சீல் வைத்த ஒப்புகை வாங்குங்கள். எங்கள் கோப்பு ஒருமுறை கண்ணில் படாமல் போனபோது அந்தச் சீல்தான் காப்பாற்றியது.

படிவம் 7 பதிவான நகல் கைக்கு வந்தபோது 2025 பிறந்துவிட்டது. பான் கார்டு விஷயம் சீக்கிரம் முடிந்தது. வங்கிதான் மறுபடி இழுத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் யாரும் கணக்கைத் தொடாவிட்டால் அது செயல்படாத கணக்காகிவிடும். பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். அப்புறமும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல் இன்னொரு பங்கு. எங்கள் கணக்கு முதல் நிலையில் இருந்தது. அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கவும் கூடாது. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு போனதால் ஒரு வாக்குவாதம் சுருக்கமாக முடிந்தது. தீர்மானத்தில் கணக்கு எண் இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். டெபாசிட் எண் இல்லை என்று மறுபடி. தீர்மானம் எழுதும் முன்பே வங்கியில் போய் வாசகம் கேட்டு, கணக்கு எண், டெபாசிட் எண், நீங்கும் பெயர்கள், சேரும் பெயர்கள், இருவர் சேர்ந்து இயக்குவது எல்லாவற்றையும் அந்த வாசகத்திலேயே எழுதிவிட்டால் இந்த அவஸ்தை இல்லை. கடைசியில் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். முப்பது நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். அதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை, கடிதத்தின் கடைசி வரியில் சும்மா குறிப்பிட்டிருந்தேன். அந்த மாதமே கணக்கு திறந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மற்ற சங்கக்காரர்களோடு ஒத்துப்போக மாட்டேன். பதிவு சரியாக இல்லாவிட்டால் தெருவுக்கு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பதிவு வேண்டியது பணத்துக்கும் வழக்குக்கும்தான். குப்பை அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913க்கு யாரும் பேசலாம். குழாயில் சாக்கடை கலந்து வந்தால் குடிநீர் வாரியத்தின் 1916. இரண்டிலும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஒரே பிரச்சினைக்குப் பத்து வீட்டிலிருந்து பத்துப் புகார் எண்கள் இருந்தால், சங்க லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுப்பதைவிட வேகமாக வேலை நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2022லிருந்து வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது, அங்கே பேசவும் சங்கம் தேவையில்லை. தகவல் உரிமை மனுவைச் சங்கத்தின் பேரில் போடவே வேண்டாம். அந்தச் சட்டம் குடிமகனுக்குத்தான் உரிமை தருகிறது. உங்கள் சொந்தப் பெயரில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் போடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். எங்கள் தெரு மழைநீர் வடிகால் எத்தனை அடி ஆழம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் எரி உலை வேண்டாம் என்று 2025 மே மாதம் வடசென்னை நலச்சங்கங்கள் கைகோர்த்து மனிதச் சங்கிலி நடத்தியபோதும் யாரும் யாரிடமும் பதிவுச் சான்றிதழ் கேட்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து போனவர்களில் பொதுக்குழுவுக்கு வராதவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தமில்லை, சிலருக்குக் கூட்டம் பிடிக்காது, தெருவில் நிற்பது பிடிக்கும்.

பணம் கைக்கு வந்ததும் மோட்டாரா, சிசிடிவியா என்று மறுபடி சண்டை. மோட்டாரை யார் வீட்டில் வைப்பது என்பது 2015லிருந்து அப்படியே இருக்கிறது. இப்போதைக்குக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஷெட் போடலாம் என்று பாதிப் பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு முடியுமா என்று தெரியவில்லை. இன்னொரு தீர்மானம் மட்டும் நான் கேட்டதால் நிறைவேறியது. செயலாளர் யாராக இருந்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக் கூடாது, வங்கிக் கையெழுத்தில் ஒருவராவது ஐம்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், காகிதங்களின் நகல் மூன்று வீடுகளில் இருக்க வேண்டும்.

என் கைக்காசு, ஆடிட்டர் ஃபீஸ், அரசுக் கட்டணம், தாமதக் கட்டணம், தபால், ஜெராக்ஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து 22,000 ஆகியிருந்தது, சம்பளப் பிடித்தம் தனி. அதைத் திருப்பித் தர பொதுக்குழுவில் தீர்மானம் வந்தபோது, முன்பு அந்தப் பேச்சைக் கிளப்பிய அதே மனிதர் எழுந்து, "எல்லாத்துக்கும் பில் கீதா?" என்று கேட்டார். எரிச்சலாக இருந்தாலும் சரியான கேள்வி. பில் இருந்தது 14,300க்கு. அதற்கு மட்டும் செக் எழுதி, நானே ஒரு கையெழுத்துப் போடக் கூடாது என்று தலைவரையும் பொருளாளரையும் போடச் சொன்னேன். மூலக்கடை ஆட்டோ ஸ்டாண்டில் எந்த அண்ணன் பில் தருவார்? மீதி 7,700 போனது போனதுதான்.